வழி தவறி வந்த விருந்தாளி



பென்குயினைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், "அப்படியானால் அது அறிவியல் பகுதிக்கல்லவா போக வேண்டும்?" என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். இல்லை. பென்குயின் எத்தனை முட்டை இடும், எத்தனை நாள் அடைகாக்கும் என்று சொல்வதற்காக நாங்கள் பேனாவை எடுக்கவில்லை. தன் வீட்டை விட்டு மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து கரையேறி நிற்கும் ஒரு பறவைக்கு மனிதன் கை கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் எங்கள் கேள்வி. இக்கேள்வியால் எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மூன்று நாள் மதிய உணவு இடைவேளை இதிலேயே போயிற்று. மணி அடித்த பின்னும் வாதம் ஓயாமல், கை கழுவ மறந்து வரிசைக்கு ஓடியவர்களும் உண்டு. கை கொடுக்கலாம் என்று சொன்ன கட்சியின் சார்பில் இதை எழுதுகிறோம். எதிர்க்கட்சியின் வாதங்களை மறைக்காமல் எழுதுவதாக அவர்களுக்கு வாக்கும் கொடுத்திருக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் நாள். நியூசிலாந்தின் வட தீவில், தலைநகரான வெலிங்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பெக்கா பெக்கா என்றொரு கடற்கரை இருக்கிறது. அங்கே தம் நாயுடன் உலாவச் சென்ற ஒரு பெண்மணி, மணலின் மேல் வெள்ளை வெளேரென்று ஏதோ நிற்பதைக் கண்டார். அருகில் சென்று பார்த்தவருக்குத் தம் கண்களையே நம்ப முடியவில்லை. அது ஒரு பேரரசப் பென்குயின்! எம்பரர் பென்குயின் என்று நாம் படங்களில் பார்க்கிறோமே, மஞ்சள் கழுத்தும் கறுப்புக் கோட்டுமாக, அதுவேதான். பென்குயின் இனங்களில் எல்லாம் மிகப் பெரியது. நிமிர்ந்து நின்றால் நம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் உயரம் இருக்கும்.

நியூசிலாந்தில் பென்குயின் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. அந்நாட்டுக்கே உரிய சிறு பென்குயின்கள் அந்தக் கரைகளில் உண்டு. ஆனால் பேரரசப் பென்குயினின் வீடு அண்டார்டிகா. அது நியூசிலாந்துக் கரையில் காணப்பட்டதாகப் பதிவானது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். 1967ஆம் ஆண்டு, தென் தீவின் தென்கோடியில் உள்ள ஓரெட்டிக் கடற்கரையில். அதன்பின் 44 ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாவது விருந்தாளி இது. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். உறவினர் வந்தால் அது விருந்தாகாது. முன்பின் அறியாதவர் வாசலில் வந்து நின்றால்தான் விருந்து. அந்தக் கணக்கில் பார்த்தால் இதைவிடப் புது விருந்து வேறு எது?

எப்படி வந்தது? "வழி தவறி வந்தது" என்று தலைப்பில் நாங்களே எழுதிவிட்டோம். ஆனால் அது முழு உண்மை அல்ல. பேரரசப் பென்குயினின் குஞ்சு வளர்ந்து, நீர் புகாத இறகு முளைத்ததும் கடலில் இறங்குகிறது. தாயும் தந்தையும் உடன் போவதில்லை. யாரும் வழி காட்டுவதில்லை. சில ஆண்டுகள் தன்னந்தனியே தென்கடலெங்கும் சுற்றிவிட்டு, முட்டையிடும் பருவம் வந்த பிறகே கூட்டத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திரிகின்ற வயதில் பனிக்கட்டியை விட்டு வடக்கே வெகுதூரம் வருவது அவற்றின் இயல்புதான். நம் விருந்தாளியும் அத்தகைய இளைஞன்தான். ஆண் என்பது பின்னர் மரபணுச் சோதனையில் தெரிந்தது. மற்றவை எங்கோ ஓரிடத்தில் திரும்பிவிட, இது மட்டும் திரும்பாமல் நேரே வந்துவிட்டது. இதைத் தவறு என்பதா, ஊர் சுற்றும் ஆசை என்பதா? எங்களுக்கு இரண்டாவதைச் சொல்லத்தான் பிடிக்கிறது.

ஆனால் வந்து சேர்ந்த பின் நடந்ததுதான் பரிதாபம்.

இந்த இடத்தில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பேரரசப் பென்குயின் பெரும்பாலும் கடல்மேல் உறைந்து கிடக்கும் பனித்தளத்திலேயே நிற்கும், நடக்கும், குஞ்சு வளர்க்கும். மண்ணையே மிதிக்காமல் வாழ்நாளைக் கழித்துவிடுவது அவற்றுக்குப் புதிதன்று. அதன் அறிவில் காலுக்கடியில் கடினமாக, வெளிறி, பரந்து கிடப்பது எதுவோ அதுதான் பனி. தாகம் எடுத்தால் பனியைத் தின்னும். உடல் சூடேறினாலும் பனியைத் தின்னும். ஜூன் மாதம் நியூசிலாந்தில் குளிர்காலம். நாமெல்லாம் போனால் கம்பளி போர்த்திக்கொண்டு பல் கிட்டிப் போய் நிற்போம். ஆனால் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் நின்று பழகிய இனத்துக்கு அதுவே அக்கினி நட்சத்திரம்! சூடு தாங்காத அந்தப் பறவை குனிந்து, காலடியில் கிடந்ததை அள்ளி அள்ளித் தின்றது. அது பனி அல்ல, மணல்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் வகுப்பில் சிரிப்பு நின்றது. அதுவரை, "கோட்டுப் போட்ட துரை கடற்கரைக்கு வந்திருக்கிறார்" என்று கேலி செய்துகொண்டிருந்தோம். தனக்கு உயிர் தரும் என்று நம்பி ஒரு ஜீவன் மணலைத் தின்கிறது. அதுவும் அறியாமையால் அல்ல. தன் இனத்துக்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சரியாக இருந்த அறிவினால்!

வனவிலங்குத் துறையினர் முதலில் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. "அது தானாக வந்தது. தானாகக் கடலுக்குத் திரும்பட்டும். இயற்கை தன் வழியே போகட்டும்" என்பது அவர்கள் நிலை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நாய்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வளவே. இப்படி நான்கு நாள் சென்றது. பறவை சோர்ந்துகொண்டே போயிற்று. ஜூன் 24ஆம் நாள் இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்து, பனிக்கட்டி நிரப்பிய தொட்டியில் அதை வைத்து, வண்டியில் ஏற்றி வெலிங்டன் மிருகக்காட்சி சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள்.

எங்கள் கட்சியைச் சேர்ந்த சிலர் அந்த நான்கு நாளைக் குற்றம் என்றே சொன்னார்கள். "கண்ணெதிரே மணலைத் தின்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?" என்று கொதித்தார்கள். ஆற அமர யோசித்த பின் நாங்கள் அப்படி நினைக்கவில்லை. காட்டு உயிர் ஒன்று கரையேறி நின்றால் அது நோயில் கிடக்கிறது என்று பொருளில்லை. நீந்திக் களைத்து இளைப்பாறலாம். இறகு உதிர்க்கும் பருவமாக இருக்கலாம். நல்லது செய்கிறோம் என்று ஓடிச்சென்று தூக்கினால் அந்த அச்சமே அதைக் கொன்றுவிடக் கூடும். ஆகவே காத்திருந்தது தவறில்லை. காத்திருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் முக்கியம். பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தங்கள் எண்ணம் தவறு என்று கண்டதும் மாற்றிக்கொண்டார்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் நான்கே நாளில் தங்கள் முடிவை மாற்றிக்கொள்வது உலகத்தில் அத்தனை எளிதாகக் காணக் கூடியதா என்ன?

மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, அதன் வயிற்றிலிருந்து மணலைக் கழுவி எடுத்தார்கள். ஒரே நாளில் முடிகிற காரியமாக அது இல்லை. சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. மனிதர்களின் வயிற்று நோய்களுக்கு மருத்துவம் செய்யும் ஒரு டாக்டரே வந்து, எண்டோஸ்கோப் என்னும் குழாய்க் கருவியைச் செலுத்தி, மணலோடு குச்சிகளையும் வெளியே எடுத்தார். குளிரூட்டிய அறையில் பனிக்கட்டியைப் பரப்பி அதைப் படுக்க வைத்தார்கள். மீனைக் கூழாக்கிக் கொடுத்தார்கள். 2006ஆம் ஆண்டு வெளியான ஒரு கார்ட்டூன் படத்தின் பெயரால் அதற்கு 'ஹாப்பி ஃபீட்' என்று பெயரும் வந்தது. பெயர் வந்ததும் பணமும் வந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து காணிக்கை குவிந்தது.

இங்கேதான் எதிர்க்கட்சி எழுந்து நின்றது. அவர்கள் சொன்னதைச் சுருக்காமல் தருகிறோம்.

பேரரசப் பென்குயின்கள் அண்டார்டிகாவில் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று போனால் இனம் அழிந்துவிடாது. ஆனால் நியூசிலாந்தின் சொந்தப் பறவையான மஞ்சள் கண் பென்குயின் அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஒரே ஒரு விருந்தாளிக்குச் செலவழித்த பல்லாயிரம் டாலரை வீட்டுப் பிள்ளைக்குச் செலவழித்திருந்தால் எத்தனையோ கூடுகளைக் காத்திருக்கலாம். அந்நாட்டு அறிஞர் சிலரும் அன்று இதையே கேட்டார்கள். மேலும், வழி தவறிய பறவை மடிவது இயற்கையின் கணக்கு. கடலில் தினந்தோறும் எத்தனையோ மடிகின்றன. ஒன்று மட்டும் மனிதர் உலாவும் கரையில் வந்து மடியப் போனதால் நமக்குக் கண்ணீர் வருகிறது. ஆகவே இது இரக்கமே அல்ல, கண்ணுக்குப் பட்டதற்கு மட்டும் இரங்கும் பலவீனம்.

"ஆயன் தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டுக் காணாமல் போன ஒன்றைத் தேடிப் போகவில்லையா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். வாதத்தில் வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம். எதிர்க்கட்சித் தோழி சற்றும் தயங்காமல், "போனான், சரி. அந்தத் தொண்ணூற்றொன்பதும் பத்திரமாக இருந்தபடியால் போனான். இங்கே தொண்ணூற்றொன்பதின் காலடியில் தரையே உருகுகிறதே, அதை யார் பார்ப்பது?" என்றாள்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அவள் சொன்னது மெய். அண்டார்டிகாவின் பெல்லிங்ஷாசன் கடல் பகுதியில் 2022ஆம் ஆண்டு என்ன நடந்தது என்று அவள் எடுத்து வந்து படித்துக் காட்டினாள். அங்கே ஐந்து இடங்களில் பேரரசப் பென்குயின்கள் கூட்டமாகக் குஞ்சு பொரித்து வந்தன. அவ்வாண்டு கடற்பனி காலத்துக்கு முன்பே உடைந்தது. குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்க டிசம்பர், ஜனவரி வரை ஆகும். அதுவரை காலடிப் பனி உறுதியாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்தில் நான்கு இடங்களில் ஒரு குஞ்சும் தேறியிருக்காது என்று துணைக்கோள் படங்களைக் கொண்டு அறிஞர்கள் 2023இல் எழுதினார்கள். பனியின்மேல் படியும் எச்சத்தின் பழுப்பு நிறத்தை வைத்துத்தான் வானிலிருந்து அக்கூட்டங்களையே கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கறை திடீரென்று படத்தில் இல்லாமல் போகிறது. அவ்வளவுதான் செய்தி. நாயோடு உலாவ வந்து பார்த்த பெண்மணி அங்கே இல்லை. பெயர் வைக்க ஆளில்லை. காணிக்கையும் இல்லை.

தோழியரே, இதைக் கேட்ட பிறகும் நாங்கள் எங்கள் கட்சியில்தான் இருக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலாவது, அந்தப் பணம். ஹாப்பி ஃபீட்டுக்குக் கொடுத்தவர்கள், அது கரையேறாமல் இருந்திருந்தால் அதே பணத்தை மஞ்சள் கண் பென்குயினுக்குக் கொடுத்திருப்பார்கள் என்பது என்ன நிச்சயம்? பணம் ஒரே பானையில் இருந்து, இவருக்கு அள்ளினால் அவருக்குக் குறையும் என்றால் எதிர்க்கட்சியின் கணக்கு சரி. ஆனால் இரக்கம் அப்படி ஒரு பானை அல்ல. எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பறவையின் கதையைப் படித்ததால்தான் பெல்லிங்ஷாசன் என்ற பெயரையே நாங்கள் நிலப்படத்தில் தேடினோம். அதைக் கண்டுபிடித்து எங்களை மடக்கியவளும் இந்தப் பறவையால்தானே அங்கே போனாள்! (இதைச் சொன்னதும் அவள் முறைத்தாள். ஆனால் மறுக்கவில்லை.)

இரண்டாவது, 'இயற்கையின் வழி' என்ற பேச்சு. கடலில் கடற்சிறுத்தை பென்குயினைப் பிடித்துத் தின்றால் அது இயற்கை. அதைத் தடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அங்கே ஒன்றின் சாவு மற்றொன்றின் உணவு. பெக்கா பெக்காவில் பறவை செத்திருந்தால் யாருக்கு என்ன பயன்? சுற்றிலும் மனிதர், வண்டி, நாய், புகைப்படக் கருவி. அது நின்ற இடம் மனிதனின் வாசற்படி. நம் வாசலில் ஒருவர் மயங்கி விழுந்தால், "உலகத்தில் தினம் எத்தனையோ பேர் விழுகிறார்கள், இவர் நம் வாசலில் விழுந்தது தற்செயல்தானே" என்று யாராவது கணக்குப் பார்ப்போமா? தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடமாட்டோமா? அருகில் இருப்பவனுக்கு அருகில் இருப்பதாலேயே ஒரு கடமை வந்துவிடுகிறது. அது பலவீனம் என்றால், அந்தப் பலவீனம் இல்லாத மனிதரோடு ஒரே தெருவில் குடியிருக்க எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.

ஆனால் உதவி என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் செய்யலாமா? இந்தக் கேள்வியில் எங்கள் கட்சியே இரண்டாகப் பிளந்தது. எங்களில் பாதிப் பேர், "பாவம், மிருகக்காட்சி சாலையிலேயே வைத்து வளர்க்கலாமே. வேளைக்கு மீன், குளிர்ந்த அறை, ஆபத்தில்லாத வாழ்வு" என்றார்கள். மறுபாதி, "விமானத்தில் ஏற்றி நேரே அண்டார்டிகாவில் கொண்டுபோய் விட வேண்டும்" என்றார்கள். நியூசிலாந்திலும் அன்று இதே பேச்சுகள் நடந்தன. பனி உடைக்கும் கப்பலில் அடுத்த பிப்ரவரியில் தானே கொண்டுபோய் விடுவதாக ஒரு செல்வந்தர் முன்வந்தார்.

இரண்டையும் செய்யாமல் விட்டதுதான் எங்கள் மனத்தில் மிக உயர்ந்து நிற்கிறது. அண்டார்டிகாவுக்கு ஏன் கொண்டுபோகவில்லை? அப்போது அங்கே நடுக் குளிர்காலம். கடல் உறைந்து கிடக்கும், பகலிலும் இருள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மனிதர் நடுவிலும் மற்ற விலங்குகள் நடுவிலும் சில வாரம் இருந்த பறவை, நம் கண்ணுக்குத் தெரியாத நோய் எதையாவது தாங்கிச் செல்லக்கூடும். அதைக் கூட்டத்தின் நடுவே விட்டால், ஒன்றைக் காப்பாற்றப் போய் ஆயிரத்தைக் கெடுத்த கதை ஆகிவிடும். எதிர்க்கட்சித் தோழி கேட்டாளே, தொண்ணூற்றொன்பதை யார் பார்ப்பது என்று? இங்கே பார்த்திருக்கிறார்கள்!

மிருகக்காட்சி சாலையில் ஏன் வைத்துக்கொள்ளவில்லை? அது அவர்களுடையதல்ல, அதனால். அது அவர்கள் வளர்த்த பிள்ளை அல்ல. பேரரசப் பென்குயின் கூட்டத்தோடு கூட்டமாக, உடலோடு உடல் ஒட்டிக் காற்றைத் தடுத்து வாழும் இனம். குளிர்காலத்தின் உச்சத்தில் தந்தைப் பறவைகள் முட்டையைக் காலின்மேல் ஏந்தி, இரண்டு மாதத்துக்கு மேல் ஒருவாய் உணவின்றி ஒன்றையொன்று அணைத்து நிற்கும். அப்படி நிற்கப் பிறந்த பறவையை ஓர் அறையில் தனியே நிறுத்தி, கண்ணாடிக்கு வெளியே நாம் நின்று கையசைப்பது அன்பு ஆகுமா? பார்ப்பவர்களுக்கு இன்பமாக இருக்கும், சந்தேகமில்லை. எங்களுக்கும் பார்க்க ஆசைதான். ஆசை வேறு, அன்பு வேறு என்று இதில்தான் எங்களுக்கு விளங்கியது. வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பாதிப் பேரில் நாங்களும் இருந்தோம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

ஆகவே மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்கள். 'டாங்கரோவா' என்ற ஆராய்ச்சிக் கப்பல் மீன்வள ஆய்வுக்காகத் தென்கடலுக்குப் போகவிருந்தது. அதில் பறவைக்கும் ஓர் இடம் தந்தார்கள். காம்ப்பெல் தீவை அண்டிய கடல், அதன் வயதொத்த இளம் பறவைகள் சுற்றித் திரியக்கூடிய கடல்தான். அங்கே விட்டுவிட்டால் வீட்டுக்குப் போவதும், இன்னும் சில காலம் ஊர் சுற்றுவதும் அதன் விருப்பம். புறப்படும் முன் வெலிங்டனில் மக்கள் திரண்டு வந்து வழியனுப்பினார்கள். ஆகஸ்டு 29ஆம் நாள் கப்பல் கிளம்பியது. பறவை அப்போது 27.5 கிலோ எடை இருந்தது. பனிக்கட்டி வைத்த கூண்டில் படுத்து, மருத்துவர் துணையோடு, அலைமிகுந்த கடலில் பயணம்.

செப்டம்பர் 4ஆம் நாள் காலை, தென் அகலாங்கு 51 பாகை அருகே கப்பலை நிறுத்தினார்கள். பின்பகுதியில் ஒரு சறுக்குப் பலகை அமைத்திருந்தார்கள். கூண்டைத் திறந்தார்கள். படங்களில் என்றால் பறவை குதூகலமாகத் துள்ளிக் குதித்திருக்கும். இது குதிக்கவில்லை. கூண்டை விட்டு வரவே தயங்கியது. மெல்லத் தள்ள வேண்டியிருந்தது. பிறகு வயிற்றால் படுத்தபடி, முன்பக்கமாகக்கூட அல்ல, பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு கடலில் விழுந்தது. விழுந்ததும் மூழ்கி, சற்றுத் தள்ளித் தலையை நீட்டி, மறைந்துவிட்டது. கப்பலை நோக்கி முகத்தை வைத்தபடியே அது சறுக்கிப் போன அந்தக் காட்சியை எங்கள் வகுப்பில் எத்தனை முறை சொல்லிப் பார்த்தோமோ தெரியாது.

அதன் முதுகு இறகில் ஒரு சிறு கருவியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அது துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். பறவை போகும் பாதையை உலகெங்கும் உள்ளவர்கள் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 9ஆம் நாளோடு செய்தி நின்றது. கருவி கழன்று விழுந்திருக்கலாம். பெரிய மீனோ கடற்சிறுத்தையோ பிடித்திருக்கலாம். ஐந்தே நாள்!

"பார்த்தீர்களா? இத்தனை பாடும் ஐந்து நாளுக்குத்தானா?" என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக இருந்தோம். மணல் நிரம்பிய வயிற்றோடு அந்நியக் கரையில் சாவதும், வயிறு நிறைந்து தன் கடலில் நீந்தும்போது சாவதும் ஒன்றா? அதுவும் செத்ததாகவே வைத்துக்கொண்டால். கடற்சிறுத்தைக்கு இரையாகியிருந்தாலும் அது அந்தக் கடலின் கணக்கு. அதில் நாங்கள் தலையிடமாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டோம். எத்தனை நாள் வாழ்ந்தது என்று எண்ணி உதவியின் மதிப்பைக் கூட்டிக் கழிக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. நோயாளி தேறி வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் வேறு விதமாக இறந்தால், அவருக்கு மருத்துவம் பார்த்தது வீண் என்று எந்தச் செவிலியும் சொல்லமாட்டார்.

அதற்குப் பின்னும் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு நவம்பரில், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குத் தெற்கே பேர்ட்லிங்ஸ் ஃபிளாட் என்ற இடத்தில் அடேலி என்னும் சிறிய இனப் பென்குயின் ஒன்று கரையேறியது. அதைக் கண்டவர் முதலில் பஞ்சு பொம்மை என்றே நினைத்தாராம். பொம்மை தலையைத் திருப்பியதும்தான் உண்மை தெரிந்திருக்கிறது! அதற்கும் உணவூட்டித் தேற்றிக் கடலில் விட்டார்கள்.

2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில், டென்மார்க் என்ற சிற்றூரின் கடற்கரையில் இன்னொரு பேரரசப் பென்குயின். (டென்மார்க் என்றதும் நாங்கள் ஐரோப்பாவில் தேடி அரை மணி நேரத்தை வீணாக்கினோம். ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது.) அண்டார்டிகாவிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அலைச்சறுக்கு விளையாட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது தண்ணீரை விட்டு வெளியே வந்து, பனியில் செய்வதுபோல வயிற்றால் சறுக்கப் பார்த்து மணலில் முகம் குப்புற விழுந்திருக்கிறது. அங்கேயும் பனி என்று நினைத்து ஏமாந்ததுதான். எடை 21.3 கிலோ. எலும்பும் தோலும் என்றே சொல்ல வேண்டும். நன்கு உண்ட பறவை 40 கிலோவையும் தாண்டும்.

இம்முறை யாரும் நான்கு நாள் காத்திருந்து விவாதம் செய்யவில்லை. உடனே ஆல்பனி நகரில் காட்டுயிர்களைப் பராமரிக்கும் ஓர் அம்மையாரிடம் ஒப்படைத்தார்கள். அவர் உரோமைப் பேரரசர் அகஸ்டஸின் நினைவாக அதற்குக் 'கஸ்' என்று பெயர் வைத்து, மீன் ஊட்டி, உடல் சூடேறாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காத்தார். இருபது நாளில் எடை 24.7 கிலோவுக்கு ஏறியது. கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று வைத்துக்கொண்டால் வெப்பம் தாங்காது. ஆகவே நவம்பர் 20ஆம் நாள் படகில் ஏற்றி, ஆல்பனியிலிருந்து வெகுதூரம் கடலுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்து முடித்ததும் எதிர்க்கட்சித் தோழி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் என் கட்சியை விடவில்லை. பெல்லிங்ஷாசனைப் பற்றி நான் சொன்னதைக் கட்டுரையில் ஒரு வரிகூடக் குறைக்கக் கூடாது" என்றாள். குறைக்கவில்லை. மணி அடித்தது. எழுந்து கை கழுவப் போகும் வழியில், "அந்த அம்மாள் இருபது நாளும் கூடவே இருந்தாரே, படகில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியதும் என்ன செய்திருப்பார்?" என்று அவளே எங்களைக் கேட்டாள்.